சூடாறாத 417

அது ஏன் சுடுகிறது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. காலேஜிலிருந்து வந்தவர்கள் கேட்டார்கள், பத்திரிகையிலிருந்து வந்தவர்கள் கேட்டார்கள், கார்ப்பரேஷனிலிருந்து வந்தவர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள். ஒரு சிலிண்டர் ஹெட் மூன்று மழைக்காலம் தாண்டியும் ஏன் ஆறவில்லை என்று தெரிந்துகொள்ள இத்தனை பேர் துடித்தார்களே, நீலாவதி ஏன் செத்தாள் என்று இவர்களில் ஒருத்தராவது கேட்டார்களா? கேட்டிருந்தால் அது அன்றைக்கே ஆறியிருக்கும்.

புதுப்பேட்டையில் பழைய வண்டிச் சாமான் விற்கிற தெருக்களுக்கு நடுவே, இரண்டு மீன்பாடி வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போயே ஆகவேண்டிய அகலத்தில் எங்கள் சந்து இருக்கிறது. அதற்கு ஒரு தலைவர் பெயரை வைத்துப் பலகை மாட்டியிருக்கிறார்கள், ஆனால் ஹெட்டு சந்து என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். இஞ்சினுக்கு மேலே மூடியாக உட்கார்ந்து, பெட்ரோல் வெடிக்கிற நெருப்பையெல்லாம் தன் குழிகளில் வாங்கிக்கொண்டு, வால்வுகளையும் சுமந்துகொண்டு கிடக்கிற உலோகக் கட்டிதான் ஹெட். லாரி ஹெட், வேன் ஹெட், என்றைக்கோ ஓடி ஓய்ந்த பந்தயக் கார் ஹெட் என்று சந்தின் இரண்டு பக்கமும் கூரை முட்ட அடுக்கியிருப்போம். ஹெட்டுக்கும் இஞ்சினுக்கும் நடுவில் வைக்கிற கேஸ்கட் வெட்டி விற்கிறவன் நான், பெயர் கோதண்டம். என் எதிர்க்கடை தனக்கோட்டியுடையது.

தனக்கோட்டிக்கு ஐம்பது வயது நெருங்கியிருந்தது. கல்யாணம் என்று ஒன்று நடந்ததாம், அதைப் பற்றி விசாரித்தால் ஸ்பானர் பறந்து வரும். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு தங்கச்சி, நீலாவதி, கடற்கரையை ஒட்டிய பெரிய சாலையில் விடிகாலையில் பெருக்குகிற வேலை. காண்ட்ராக்டில்தான் எடுத்திருந்தார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் நீலாவதி எங்கள் சந்துக்குள் வந்து, அக்காவிடம் ஒரு டீயும் என்னிடம் ஒரு துண்டு ரப்பரும் வாங்கிக்கொண்டு போவாள். கேஸ்கட் வெட்டியது போக மிஞ்சுகிற சிவப்பு ரப்பர் பட்டையில் பெருக்குமாற்றைக் கட்டினால் ஈர்க்குச்சி உதிராது என்று கண்டுபிடித்தவள் அவள்தான். "கோதண்டண்ணே, உன் ரப்பர் இல்லன்னா பீச்சு ரோடே நாறிடும்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது, எனக்கு அதை நினைத்தால் யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருக்கிறது.

எங்கள் சந்தின் வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் மற்றது புரியும். இங்கே பில் கிடையாது, கியாரண்டி கிடையாது, கை உண்டு. ஹெட் எடுக்க வருகிறவர் சுத்தியால் தட்டிப் பார்ப்பார், விரிசல் இருந்தால் சத்தம் உடைந்து வரும். குழியில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்ப்பார், வால்வு சரியில்லை என்றால் கசியும். இரும்பு ஸ்கேலை ஹெட்டின் அடிமுகத்தில் நிறுத்தி அந்தப் பக்கம் லைட் அடித்துப் பார்ப்பார், வளைந்த ஹெட் என்றால் வெளிச்சம் ஒழுகும். எல்லாம் பிடித்துப்போனால், அதில் எண் வார்த்திருக்கிற பக்கத்தில் வெறும் வலது கையை வைத்து, சந்துக்கே கேட்கிறமாதிரி "இது என்னுது" என்று சொல்ல வேண்டும். சாட்சிக்கு இரண்டு கடைக்காரர்கள் அதே இடத்தில் கை வைத்து "பாத்தோம்" என்பார்கள். அதோடு அந்த ஹெட்டின் நல்லது கெட்டது, போனது வரப்போவது எல்லாம் அவருடையது. பிறகு எந்தச் சாமியே வந்து கேட்டாலும் இது என்னுடையது இல்லை என்று அவர் சொல்ல முடியாது. போலீஸ்காரர்களே திருட்டுச் சாமான் தேடி வந்தால் "யாருய்யா இதுல கை வெச்சது?" என்றுதான் கேட்பார்கள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பணக்காரர்கள் ஷெட்டில் துணி போர்த்தி வைத்திருக்கிற பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை எடுத்துக்கொண்டு, ரோடு காலியாக இருக்கிற விடிகாலையில் கடற்கரைப் பக்கம் பறக்கிற நாள். ரோடு காலி என்று அவர்கள்தான் சொல்கிறார்கள். பெருக்குகிறவர்கள் அவர்கள் கணக்கில் ரோட்டில் இருப்பதில்லை.

அன்றைக்கு மதியம் ஒரு புரோக்கர் குட்டியானை வேனில் ஒரு இஞ்சினையும் ரேடியேட்டரையும் கொண்டுவந்து தனக்கோட்டி கடை வாசலில் இறக்கினான். நாலு சிலிண்டர், மேலே இரண்டு கேம்ஷாஃப்ட், கையால் செய்த இஞ்சின், அந்தமாதிரி ஹெட் எங்கள் சந்துக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. ஒவ்வொரு ஹெட்டுக்கும் தனித்தனி எண் வைத்துப் புடைப்பாக வார்த்திருந்தார்கள். இது 417.

"ஷெட்டுல வருஷக்கணக்கா தூங்கின இஞ்சினுக்கா. முதலாளி காயலான் கடைக்குப் போடச் சொல்ட்டாரு. சீக்கிரம் பிரி, ஒண்ணொண்ணா தள்ளிடலாம்" என்றான் புரோக்கர்.

பிரிப்பதில் தனக்கோட்டியின் கை அவ்வளவு வேகம், அது அவளுக்குப் பெருமை. நட்டுகளை வரிசை தப்பாமல் தளர்த்தி, ஹெட்டைத் தூக்கியவள் அப்படியே கீழே வைத்துவிட்டுக் கையை உதறினாள்.

"ஷெட்டுல தூங்கினது இன்னாத்துக்குய்யா இப்டி சுடுது?"

"வெயில்ல வந்துச்சுல்லக்கா."

அவள் சாக்கைச் சுற்றி அதைத் தூக்கி ஓரமாக வைத்தாள். பிறகு ரேடியேட்டரைப் பார்த்தாள். முன்பக்கம் நசுங்கியிருந்தது, தகடுகளுக்கு நடுவே வரிசையாக ஈர்க்குச்சிகள் குத்திக்கொண்டு நின்றன. ஏதோ குப்பைமேட்டில் ஏற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே, ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள். செம்பு எடுக்கிறவன் வந்து ரேடியேட்டரைத் தூக்கிக்கொண்டு போனான். பிளாக் ஒருவனுக்கு, கார்புரேட்டர் ஒருவனுக்கு என்று சாயங்காலத்துக்குள் எல்லாம் போய்விட்டது. உதிர்ந்து கிடந்த ஈர்க்குச்சிகளைக் கடை வாசலிலிருந்து அவளே பெருக்கித் தள்ளினாள். அதற்குப் பிறகுதான் ஒரு போலீஸ்காரர் வந்து, இங்கே தனக்கோட்டி யார், ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு உடம்பை அடையாளம் காட்ட வேண்டும் என்று சொன்னார்.

ஆஸ்பத்திரியில் நீலாவதியின் மஞ்சள் சட்டையோடு அவள் பெருக்குமாற்றின் அடிப்பாகத்தையும் கொடுத்தார்கள். என் கடைச் சிவப்பு ரப்பர் அதில் கட்டியபடி இருந்தது, ஈர்க்குச்சி பாதிக்கு மேல் இல்லை. தனக்கோட்டி அதைப் பார்த்தாள், தன் விரல்களைப் பார்த்தாள், அதற்குப் பிறகு போட்ட சத்தத்தை நான் எழுத மாட்டேன். தங்கச்சியைக் கொன்ற வண்டியைத் தன் கையாலேயே பிரித்துத் தடயம் இல்லாமல் பண்ணிவிட்டவளுக்கு யார் என்ன ஆறுதல் சொல்வது? புதைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, சாக்கு கருகி உதிர்ந்து, 417 அதே சூட்டோடு உட்கார்ந்திருந்தது.

புரோக்கரை உட்காரவைத்து நாங்கள் கேட்ட விதத்தில் அவன் பெயரைச் சொல்லிவிட்டான். ரகுநந்தன். பரம்பரைப் பணம், இரண்டு பேர் மட்டும் உட்காருகிற சிவப்புக் கார், அப்பா காலத்து வண்டி. ஸ்டேஷனில் ஏறியதும் புரோக்கருக்கு ஞாபகம் போய்விட்டது. ரகுநந்தனோ வரவே இல்லை, வக்கீலை அனுப்பினார். அந்த வண்டியை அவர் எப்போதோ காயலான் கடைக்குப் போட்டுவிட்டாராம், அந்த ஹெட் அவருடையது இல்லையாம். அந்தச் சாலையில் இருந்த கேமராவுக்கு அன்றைக்குப் பார்த்துக் கண் தெரியவில்லையாம். இன்ஸ்பெக்டர் எங்களைப் பார்த்து, "பாத்த சாட்சி யாராவது இருக்கீங்களா? இருந்தா கை தூக்குங்க" என்றார். யாரும் பார்க்கவில்லை, யார் தூக்குவது? தொங்கிய கைகளோடு திரும்பி வந்தோம். அடையாளம் தெரியாத வாகனம் மோதிச் சாவு என்று எழுதி முடித்தார்கள். ஐந்தே வார்த்தையில் ஒரு பொம்பளையைத் துடைத்து எறிந்துவிட்டார்கள், பாவிகள்.

தனக்கோட்டி எந்தச் சாமானை எடுத்தாலும் கை வைத்து எடுப்பவள், 417-இல் மட்டும் கை வைக்கவில்லை, விற்கவும் இல்லை. கடைக்கும் சந்துக்கும் நடுவில் இருந்த திட்டில் அதை வைத்தாள். "இது என்னுது இல்ல. இத்த யாரும் எடுக்கக் கூடாது. உரியவன் வந்து கை வெக்கட்டும்" என்றாள்.

வந்த வெயிலும் போன வெயிலும் அதை ஒன்றும் செய்யவில்லை, ஐப்பசி மழை அதன் மேல் பெய்து புகையாகப் போனது. சூடு இருக்கிற இடத்தில் மனிதன் சும்மா இருப்பானா? முதலில் டீக்கடை இஸ்மாயில் பாய் கேஸ் தீர்ந்துபோன ஒரு நாளில் பால் குண்டானை அதன் மேல் வைத்துப் பார்த்தார், பொங்கியது, அதற்குப் பிறகு அவர் கேஸ் வாங்குவதையே விட்டுவிட்டார். அயர்ன்காரர் பெட்டியை அதன் பக்கத்தில் வைத்துச் சூடேற்றிக்கொண்டார். எங்கிருந்தோ ஒரு அம்மாள் மாவுக் கிண்ணத்தோடு வந்து, அதில் முன்பு நெருப்பு எரிந்த நாலு குழியிலும் நல்லெண்ணெய் தடவிக் குழிப்பணியாரம் ஊற்றி எடுத்தாள், கொஞ்சம் கிரீஸ் வாசனை இருந்தாலும் சாப்பிடலாம் என்று நாங்களும் சாப்பிட்டோம். முட்டிவலிக்காரர்கள் அதைச் சுற்றி ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள், ஈரத்தில் நனைந்த பூனைகள் அடியில் படுத்தன, சந்தில் வெள்ளம் புகுந்த வருஷம் அது இருந்த திட்டைச் சுற்றி மட்டும் தரை காய்ந்தது, அங்கே கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அதன் சூடு யாராலும் கிட்டே போக முடியாதபடி ஏறும், அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பாய் கடைக்கு லீவு விட்டார். ஏன் என்று எங்களில் யாரும் யாரிடமும் பேசிக்கொண்டதில்லை.

பிறகு வந்தது வேறு கூட்டம். ஒருத்தி அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள், பொட்டு கருகியதைப் பார்த்து அம்மன் உக்கிரமாக இருக்கிறாள் என்றாள். இன்னொருவன் கற்பூரத்தட்டோடு வந்தான். தனக்கோட்டி கடைக்குள்ளிருந்து பாய்ந்து வந்து தட்டை எட்டி உதைத்தாள்.

"டீ போடு, பணியாரம் சுடு, துணி காயப்போடு, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். கற்பூரம் ஏத்தினா கைய ஒடைப்பேன். இது சாமி இல்லடா! ஒருத்தன் செஞ்ச காரியம்!"

அவள் கோபம் எங்களுக்குப் பழகிவிட்டது, அதுதான் எனக்கு வெட்கம். சுடுகிற ஹெட்டில் பால் காய்ச்சிக் குடிக்கப் பழகின ஜனம், எரிகிற மனுஷியின் பக்கத்தில் வியாபாரம் பண்ணவும் பழகிவிட்டது. ஊரே இப்படித்தான் இருக்கிறது, எதையும் விழுங்கிக்கொண்டு மேலே ஒரு டீ குடித்துவிடுகிறது.

மூன்றாவது மழைக்காலம் முடிகிற சமயத்தில் டென்சில் வந்தார். பெரம்பூர் சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர், பந்தயக் கார்களுக்கு இஞ்சின் கட்டுகிறவர், எங்கள் சந்துக்குப் பழைய பழக்கம், இடையில் சில வருஷம் இந்தப் பக்கம் வராமல் இருந்தார். தனக்கோட்டி அவரை அண்ணே என்று கூப்பிடுவாள்.

"யம்மா, ஒரு நாலு சிலிண்டர் ட்வின்கேம் ஹெட் வேணும். பழைய ஸ்போர்ட்ஸ் கார், மத்த சாமானெல்லாம் தேடிப் போட்டாச்சு. எட்டு மாசமா சாவடிக்கிறாங்க மேன்" என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். முதலாளி வெளிநாட்டிலிருந்து ஒரு ஹெட் வரவழைத்தாராம், இரண்டு வால்வு சீட்டுக்கும் நடுவில் முடி மாதிரி விரிசல். அடுத்தது வந்ததாம், எவனோ அதன் முகத்தை அளவுக்கு மேல் சீவிவிட்டிருந்தான், மாட்டினால் வால்வு போய்ப் பிஸ்டனில் இடிக்கும். சரி, புதிதாக வார்த்துப் பார்க்கலாம் என்று ஒரு பட்டறையில் கொடுத்தால், உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள், தண்ணீர் வியர்வையாகக் கசிந்தது. "அதுவும் போவட்டும். அடுத்த மாசம் பழைய கார் போட்டி. வண்டியில இருக்கிற நம்பரும் ஹெட்டுல இருக்கிற நம்பரும் ஒண்ணா இருந்தாத்தான் ப்ரைஸ். அவருக்கு அது வேணும். வண்டியோட சொந்த ஹெட்டே வேணும்."

"இன்னா நம்பர்ணே?"

"ஃபோர் ஒன் செவன்."

இஸ்மாயில் பாய் பால் குண்டானைத் தூக்கினார். அடியில் இருந்ததை டென்சில் பார்த்தார். எழுந்து போய், பையிலிருந்து சுத்தியை எடுத்துத் தட்டினார், மணி அடித்த சத்தம் வந்தது. கையுறை மாட்டிக்கொண்டு ஸ்கேலை வைத்து லைட் அடித்தார், ஒரு முடியளவு வெளிச்சம் ஒழுகவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றப் போனவர் சூட்டில் முகத்தை இழுத்துக்கொண்டார். மூன்று வருஷம் இந்தச் சூட்டில் கிடந்த அலுமினியம் அப்பளமாக வளைந்திருக்க வேண்டும், இது செய்த நாளில் இருந்த மாதிரி இருக்கிறது என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

"இது எப்டி இங்க வந்துச்சு மேன்?"

பாய் சொன்னார். ஈர்க்குச்சி வரைக்கும் சொன்னார். டென்சில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே கேட்டார். அவருடைய முதலாளி, வண்டி ஷெட்டில் ஒரு தூணில் மோதிவிட்டது என்றுதான் சொல்லியிருந்தாராம்.

"முன்பக்கத் தகட்ட நான்தான் நிமிர்த்தினேன்" என்றார் மெதுவாக. "தூணுல மோதின நசுங்கல் அது இல்லன்னு எனக்குத் தெரியாதா? கேக்கல நான். சம்பளம் வாங்கறவன் கேக்கல."

"அவர இட்டுகினு வாங்கண்ணே" என்றாள் தனக்கோட்டி. "ஹெட்ட குடுக்கறேன். சந்து வழக்கப்படி அவரே வந்து கை வெக்கணும். வேற ஒண்ணும் சொல்லாதீங்க."

"சுடும்னு சொல்லட்டா?"

"சொல்லுங்க. சுடும்னு மட்டும் சொல்லுங்க."

மறுநாள் பகலில் ரகுநந்தன் வந்தார். பெரிய கார் சந்துக்குள் நுழையாது என்பதால் நடந்துதான் வந்தார், எண்ணெய்ச் சேற்றில் ஷூ படாமல் தாண்டித் தாண்டி. ஐம்பத்தைந்து வயது இருக்கும், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, அவ்வளவு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார் மனிதர். அவர் வாசனை அவருக்கு முன்னால் வந்தது. ஹெட்டைப் பார்த்ததும் அவர் கண்கள் நிஜமாகவே கலங்கின. ஒரு அலுமினியக் கட்டிக்காகக் கண் கலங்கத் தெரிந்தவர்தானே இவர்!

"அடப்பாவிங்களா, என் ஹெட்டுல பால் காய்ச்சறீங்களா?"

"அப்டி சும்மா சொல்லக் கூடாது சார்" என்றாள் தனக்கோட்டி. குரலை அவள் அவ்வளவு தணித்து நான் கேட்டதே இல்லை. "கை வெச்சு சொல்லணும். இந்த நம்பர் மேல. வெறுங்கை."

"என்ன டென்சில் இது, சடங்கு?"

"இவங்க வழக்கம் சார். ஆனா சுடும். சொல்லிட்டேன்."

ரகுநந்தன் சிரித்தார். இந்த ஜனங்களின் கூத்தை ஒரு நிமிஷம் பொறுத்துக்கொண்டால் காரியம் ஆகிவிடும் என்கிற சிரிப்பு. முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு, வலது உள்ளங்கையை 417-இன் மேல் அழுத்தி வைத்தார்.

சுர்ரென்று சத்தம் வந்தது. புகை வந்தது. தோல் கருகுகிற நாற்றம் சந்து முழுக்கப் பரவி, முட்டிவலிக்காரர்கள் ஸ்டூலை விட்டு எழுந்துகொண்டார்கள். அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"எங்க சுடுது? ஜில்லுனுதானே இருக்கு" என்றார்.

"சொல்லுங்க சார்."

"இது என்னுது."

"எத்தினி நாளா?"

"எங்க அப்பா காலத்துலேர்ந்து. ஒரு நாள் கூட வேற யார் கைக்கும் போனதில்ல. நான் ஒருத்தன்தான் ஓட்டுவேன்." பெருமையில் குரல் உயர்ந்தது, கை அங்கேயே புகைந்துகொண்டிருந்தது.

"அந்த ஞாயித்துக்கெழமயும் நீங்கதான் ஓட்டினீங்களா?"

"எந்த ஞாயித்துக்கெழம?"

"நீலாவதி செத்த ஞாயித்துக்கெழம."

"யாரு நீலாவதி?" என்று கேட்டார்.

அவர் நடிக்கவில்லை. நடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. வக்கீல் வைத்தார், புரோக்கரைப் பிடித்தார், கேமராவின் கண்ணைக் கட்டினார், ஒரு கொலையை முழுசாக விழுங்கினார், அதில் செத்தது யார் என்று பெயர் கேட்க மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. பெயர் தெரிந்தால்தானே மறைக்க வேண்டும்? அவர் மறைக்கவே இல்லை. அவருக்கு அங்கே யாரும் சாகவே இல்லை.

டென்சில்தான் முதலில் அசைந்தார். அவர் முதலாளியின் மணிக்கட்டைப் பிடித்துக் கையை விலக்கினார், உள்ளங்கையில் 417 திருப்பிப் போட்டதுபோல் பதிந்திருந்தது. பிறகு தன் கையுறையைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, வெறுங்கையை அதே இடத்தில் வைத்தார். அவருக்குச் சுட்டது. "ஜீசஸ்!" என்று அலறினார், ஆனால் கையை எடுக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு, "பாத்தேன்" என்றார்.

அடுத்து இஸ்மாயில் பாய் வைத்தார், "அல்லா" என்று கத்திவிட்டு, "பாத்தேன்" என்றார். அடுத்து நான். அந்தச் சூட்டை எப்படிச் சொல்வது? மூன்று வருஷமாக அதில் காய்ச்சின டீயைக் குடித்தவன் நான், அது எவ்வளவு சுடும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பாத்தேன் என்று கத்தினேன், அழுதேன். எனக்குப் பின்னால் அயர்ன்காரர், பணியாரக்கார அம்மாள், லாரி ஹெட் விற்கிறவர்கள், வால்வு தேய்க்கிறவர்கள், மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தவள்கூட, ஒருத்தர் பின் ஒருத்தராக வரிசை கட்டி வந்து கை வைத்தார்கள், வைத்தவர்கள் அலறினார்கள், அலறியவர்கள் பாத்தேன் என்றார்கள்.

"எதுக்கு இவ்ளோ பேர் கை வெக்கறாங்க?" என்று ரகுநந்தன் வாட்சைப் பார்த்தார். "என்ன விலை?"

"எடுத்துகினு போங்க சார், உங்குளுதுதான். வெலைய அப்பறமா வாங்கிக்கறேன்" என்றாள் தனக்கோட்டி.

டென்சில் மாட்டித்தர மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பெரம்பூருக்கு பஸ் ஏறினார். ரகுநந்தன் வேறு ஆளை வைத்து ஹெட்டை மாட்டினார், போட்டியில் அவர் காரைச் சுற்றிக் கூட்டம் நின்றது. நம்பர் சரியாக இருக்கிறது என்று நடுவர்கள் அறிவித்தார்கள். அவர் சொன்னாரே, ஒரு நாள் கூட வேறு யார் கைக்கும் போகாத வண்டி என்று, அதையே மைக்கிலும் சொன்னார். எப்போதோ காயலானுக்குப் போட்டுவிட்டதாக இவருடைய வக்கீல் ஸ்டேஷனில் சொன்ன வண்டி. எங்களுக்காக ஓசியில் அலைந்துகொண்டிருந்த ஒரு வக்கீலம்மா அந்த மேடைப் பேச்சை எடுத்துக்கொண்டு போய் கோர்ட்டில் நின்றாள், கேஸைத் திரும்பத் திறந்தார்கள், வண்டியைப் பிடித்தார்கள். இஞ்சினிலிருந்து ஹெட்டைக் கழற்றி நீதிபதியின் மேசைக்கு முன்னால் ஒரு மரப்பலகையில் வைத்தார்கள். பலகை கருகி வாசனை வந்துகொண்டிருந்தது.

ரகுநந்தன் வலது கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நின்றார். அவர் வக்கீல் பழைய பாட்டையே பாடினார்: வாகனம் அடையாளம் தெரியாதது, இந்த ஹெட் என் கட்சிக்காரருடையதே அல்ல, போட்டிக்காக வேறு ஒன்றை வாங்கி மாட்டினார், சந்தில் நடந்தது கட்டுக்கதை.

நீதிபதி எங்கள் பக்கம் திரும்பினார். "இந்த ஹெட் தன்னுதுன்னு இவர் சொன்னதைப் பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா? இருந்தா கை தூக்குங்க."

டென்சில் தூக்கினார். பாய் தூக்கினார். நான் தூக்கினேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள், சுவரோரம் நின்றிருந்தவர்கள், உள்ளே இடமில்லாமல் வராண்டாவிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள், ஹெட்டு சந்து மொத்தமும் வலது கையைத் தூக்கியது. ஒவ்வொரு உள்ளங்கையிலும் 417 இருந்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு ரகுநந்தனிடம், "உங்க கையக் காட்டுங்க" என்றார்.

அவர் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தார். விரல்களைப் பிரித்தார். பிரித்தவர் முகம் கோணியது, மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு குனிந்தார், காற்றில் உதறினார், வாயால் ஊதினார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஏதோ ஒன்று அவருக்கு உறைத்தது.

"சுடுதே!" என்று கத்தினார். "ஐயோ, சுடுதே! என்ன இது? என்ன இது?"

தனக்கோட்டி எழுந்தாள். கேட்டால்தான் பேச வேண்டும் என்று கோர்ட் டவாலி அதட்டினார், அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"யாருன்னு கேட்டீங்களே சார்," என்றாள். "இதான் நீலாவதி."